கோடைத் தொடக்கத்தில் ஏரி மீன்: நீரை வெளிவிடாமல் பிடிக்கும் முறை

மாசி மாதம் பிறந்ததும் கல்வராயன் மலையடிவாரத்துக் கிராமங்களில் ஏரி நீர் நாளுக்கு நாள் கரையைவிட்டு விலகத் தொடங்குகிறது. பங்குனியில் பெரும்பாலான ஏரிகளின் உள்வாயில் பாதிக்குமேல் மண் தெரியும். நவரை நெல் பால்பிடித்து நிற்பதும் இச்சமயமே. ஏரி மீன் கூட்டமாய்க் கண்ணில் படுவதும் இச்சமயமே. ஆகவே சங்கராபுரம் தாலூகாவில் ஆயக்கட்டுக் குடியானவர்களுக்கும் மீன்பாசிக் குத்தகைதாரருக்கும் மனஸ்தாபம் ஏற்படுமாயின், அது பெரும்பாலும் பங்குனி, சித்திரை மாதங்களில்தான் ஏற்படுகிறது.

இதற்குக் காரணம் எவருடைய கெட்ட எண்ணமும் அன்று. மீன்பாசிக் குத்தகை பல இடங்களிலும் பசலிக் கணக்கில் விடப்படுகிறது. பசலி ஆண்டு ஜூன் 30ஆம் தேதியோடு முடிவடைகிறபடியால், அதற்குள் ஏரியிலுள்ள மீன் முழுவதையும் எடுத்துவிடவேண்டும் என்ற அவசரம் குத்தகைதாரருக்கு உண்டாகிறது. நீர் பரந்து கிடக்கையில் வலை போட்டுப் பிடிப்பது கடினம். நீரை வடித்துவிட்டாலோ கையாலேயே அள்ளலாம். இரவில் மதகைத் திறந்துவிடுவதும், மதகுக்குக் கீழ்ப்பட்ட நீரை எஞ்சின் வைத்து இறைப்பதும் இவ்வழியிலேயே தொடங்குகின்றன.

இப்படிப் போகும் நீரின் மதிப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1 ஏக்கர் பரப்பில் 1 அடி ஆழம் நிற்கும் நீர் 43,560 கன அடியாகும். அந்நீரை 2 அங்குல உயரத்திற்குப் பாய்ச்சினால் 6 ஏக்கர் நெல் நனையும். கோடையில் 20 ஏக்கர் பரப்புக்குச் சுருங்கிய ஏரியில் 1 அடி நீரை மீனுக்காக வடித்தால், 120 ஏக்கருக்கு ஒரு முறை பாயவேண்டிய நீர் போய்விடுகிறது. வாய்க்காலில் மூன்றில் ஒரு பங்கு நஷ்டமாகும் என்று கழித்தாலும் 80 ஏக்கர் மிஞ்சும். கதிர் முற்றுமுன் ஒரு தண்ணீர் தவறினால் நெல் பதராகும் என்பதைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. கரைக்குக் கீழேயுள்ள கிணறுகளின் ஊற்றும் ஏரி நீரைச் சார்ந்தது. கரும்பும் மணிலாவும் பயிரிட்டவர்கள் அதைச் சித்திரையில் அறிவார்கள்.

ஆயினும் குத்தகைதாரர் கூறும் பதிலில் நியாயம் இல்லாமற் போகவில்லை. கோடை வெயிலில் ஏரி நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ கால் அங்குலம் ஆவியாகிறது. ஒரு மாதத்தில் 7 அல்லது 8 அங்குலம் யாருக்கும் பயன்படாமலே குறைந்துவிடும். குறைந்த நீரில் நெருங்கிய மீன் ஒரே இரவில் செத்து மிதப்பதும் உண்டு. ஆகவே மீனைப் பிடிக்காமல் விட்டுவைப்பதும் நஷ்டமே. செய்யத்தக்கது யாதெனில், நீரை வடிப்பதற்குப் பதிலாக மாசி முதற்கொண்டே, மீன் இருக்குமிடத்தையும் அது நடமாடும் வேளையையும் அறிந்து, சிறிது சிறிதாகப் பிடித்துவருவதுதான். இதற்கு அதிகப் பணம் வேண்டுவதில்லை, கவனம் வேண்டும்.

முதலாவதாக ஏரியின் அமைப்பை மனத்திற் கொள்ளவேண்டும். நம் பக்கத்து ஏரிகள் ஒரு புறம் மட்டும் கரை கட்டப்பட்டவை. வரத்து வாய்க்கால் சேரும் மேட்டுப்பக்கத்தில் ஆழம் மிகக் குறைவு. கரையோரத்தில், முக்கியமாக மதகடியில், ஆழம் மிகுதி. இவ்விரண்டுக்கும் நடுவே வண்டல் எடுத்த குழிகளும், கரை உயர்த்துவதற்கு மண் வெட்டிய பள்ளங்களும் ஆங்காங்கே உண்டு. நீர் நிறைந்த காலத்தில் இவை கண்ணுக்குத் தெரியா. ஆனால் முந்திய கோடையில் ஏரி வற்றியபோது இவற்றைப் பார்த்துவைத்தவர்கள் மறு ஆண்டு மீனைத் தேடி அலையவேண்டியதில்லை. மாடு மேய்க்கும் சிறுவர்கள் இவ்விஷயத்தில் பெரியவர்களைவிட நன்றாக வழிகாட்டுவார்கள்.

இரண்டாவதாக, மீன் நீரிலுள்ள பிராணவாயுவைச் செவுள் வழியாக உட்கொண்டு உயிர்வாழ்கிறது. நீர் சூடாக ஆக அதில் கரையக்கூடிய பிராணவாயு குறைகிறது. 20 சென்டிகிரேடு உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 சென்டிகிரேடில் சுமார் 7.5 மில்லிகிராமே தாங்கும். இதோடு, பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்கும் பாசி, இரவில் தானே அதைச் செலவிடுகிறது. ஆகவே பச்சையாய்ப் பாசி படிந்த ஏரியில் மாலை 3, 4 மணிக்குப் பிராணவாயு உச்சத்திலிருக்கும். விடியற்காலையில் மிகக் குறைந்திருக்கும். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு வரிசையாய் நிற்பதைக் கண்டு, மீன் மிகுந்துவிட்டது என்று சிலர் மகிழ்வதுண்டு. உண்மையில் அது மூச்சுத் திணறலே. சூரியன் ஏறிய பின்பும் அவை உள்ளே இறங்காவிட்டால், அன்றே வலையிட்டுப் பெரிய மீன்களைப் பிடித்துவிடுவது உத்தமம். கோடையின் முதல் இடிமழை பெய்து, அடிச்சேறு கலங்கி, மறுநாள் மூட்டமாயிருக்குமாயின் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

சாதாரண நாட்களில் மீனின் போக்கு ஓர் ஒழுங்கில் நடக்கிறது. வெளிச்சம் வந்தது முதல் 8 மணி வரையில் கெண்டை இனங்களும் ஜிலேபியும் முழங்காலளவு நீரில் இரை தேடும். வெயில் ஏறியபின் அவை மதகடி ஆழத்திற்கும், குழிகளுக்கும், அலைகல்லின் இடுக்குகளுக்கும், நிழலுக்கும் போய்விடும். பல ஏரிகளின் உள்வாயில் வளர்க்கப்பட்ட கருவேல மரங்களின் அடிப்பாகம் நீரில் நிற்குமாயின், உச்சி வேளையில் மீனைத் தேடவேண்டிய இடம் அதுவே. அங்கே வலை செல்லாது; முள்ளில் மாட்டிக் கிழியும். தூண்டில்தான் ஏற்றது. மாலை 4 மணிக்குமேல் மீன் மறுபடியும் ஓரத்திற்கு வரும். கெளுத்தியும் தேளியும் இருட்டியபின் அடிமண்ணை ஒட்டி நடமாடும்.

காற்றையும் கவனிக்கவேண்டும். பங்குனி, சித்திரையில் தென்றல் வீசும் நாட்களில் நீரின் மேலுள்ள நுண்ணிய பாசியும் பூச்சிகளும் வடக்கு ஓரத்தில் ஒதுங்கும். அலை மோதுவதால் அங்கே நீரில் காற்றும் நன்றாய்க் கலக்கும். இரையும் மூச்சும் ஒருங்கே கிடைக்குமிடத்தில் மீன் கூடுவது இயல்பு. காற்றுக்கு மறைவான தெற்கு ஓரம் உட்கார்ந்து தூண்டில் போடுவதற்கு வசதியானதாயிருக்கலாம். மீன் கிடைப்பது எதிரோரத்தில்தான்.

மீன் இருக்குமிடத்தைப் பறவைகளும் காட்டும். நீர்க்காகம் ஓரிடத்தில் திரும்பத் திரும்ப மூழ்கி எழுமாயின் அங்கே சிறு மீன் கூட்டம் இருக்கிறதென்று கொள்ளலாம். வெண்கொக்குகள் வரிசையாய் நிற்கும் ஓரம் ஆழமற்றது. குஞ்சும் பொடியுமே அங்கே அகப்படும். நத்தைகுத்தி நாரையை நம்பி வலை போடுவது வீண். அது நத்தையைத் தேடி வருவதேயன்றி மீனைத் தேடியன்று. அடியிலிருந்து சிறு குமிழிகள் வரிசையாய் எழுந்து நீர் கலங்குமாயின், மிர்கால் போன்ற மீன் சேற்றைக் கிளறி மேய்கிறதென அறியலாம். ஒரே இடத்தில் நகராமல் எழும் குமிழி சேற்றிலிருந்து வரும் வாயுவாகும்.

இனி மீனின் வகைகளைப் பற்றிச் சில சொல்லவேண்டும். எந்த மீனை முன்னே பிடிப்பது, எதை விட்டுவைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

இன்று நம் ஏரிகளில் எண்ணிக்கையில் மிகுந்தது ஜிலேபிக் கெண்டை. இது நம் நாட்டு மீனன்று. ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. 1952ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்பு ஏரி குளங்களெங்கும் பரவிவிட்டது. நீர் சூடேறியதும் ஆண் மீன் 1 அடி முதல் 3 அடி வரை ஆழமுள்ள இடத்தில் மண்ணை வாயால் அகற்றித் தட்டுப்போன்ற குழி செய்யும். தெளிந்த நீரில் இக்குழிகள் வெண்மையான வட்டங்களாய் வரிசையாகத் தெரியும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, முட்டைகளை வாயில் எடுத்துக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரித்துத் தானே நீந்தும் வரையில் வாயிலேயே வைத்திருக்கும். இப்படிக் காப்பதால் குஞ்சுகள் வீணாவதில்லை. இரண்டு, மூன்று மாதத்தில் அக்குஞ்சுகளும் முட்டையிடத் தொடங்கிவிடும். சில மாதங்களில் ஏரி முழுவதும் உள்ளங்கையளவுக்குமேல் வளராத பொடி மீனால் நிரம்பி, விலை போகும் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் இரை குறைகிறது.

ஆகையால் ஜிலேபியை எவ்வளவு சிறிதாயினும், எவ்வளவு அதிகமாயினும் பிடிக்கலாம், பிடிக்கவும் வேண்டும். குழிகள் தெரியும் ஓரத்தில் காலையில் மண்புழுவோ மாவுருண்டையோ கோத்த தூண்டில் நன்றாய்ப் பலிக்கும். ஆனால் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. வாயில் முட்டை வைத்திருக்கும் பெண் மீன் இரை எடுப்பதில்லை. தூண்டிலில் அகப்படுவன பெரும்பாலும் குழியைக் காக்கும் ஆண் மீன்களே. எனவே தூண்டிலால் மட்டும் ஜிலேபியின் பெருக்கத்தைத் தடுக்க முடியாது. சிறு கண் வலையை ஓரத்தில் வளைத்திழுத்து, அகப்பட்டவற்றுள் மற்ற இனக் குஞ்சுகளை உடனே நீரில் விட்டுவிட்டு, ஜிலேபியை மட்டும் எடுத்துக்கொள்ளவேண்டும்.

ஜிலேபிக்கு இயற்கைப் பகை விரால். கோடை மழைக்குப் பின்பும் ஆடி, ஐப்பசி மழைகளிலும் இது புல்லும் கோரையும் உள்ள ஓரத்தில் முட்டையிட்டு, செந்நிறக் குஞ்சுகள் பந்துபோல் நீர்மேல் மிதந்து திரிய, தாயும் தந்தையும் அடியில் நின்று காவல் காக்கும். அச்சமயத்தில் எதைக் கண்டாலும் பாயுமாதலால், தவளையைக் கோத்த தூண்டிலைக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே போட்டு விராலைப் பிடிப்பது மிகச் சுலபம். சுலபமாதலாலேயே அது அதிகம் நடக்கிறது. காவல் போனபின் அக்குஞ்சுகளில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கெளுத்தியும் பறவைகளும் அரை நாளில் தீர்த்துவிடும். விரால் குறைந்த ஏரியில் ஜிலேபிப் பொடி மிகும். கிலோவுக்கு அதிக விலை தரும் மீனை ஒரு நாள் ஆசையால் அழித்து, விலை போகாத மீனைப் பெருக்குவது எந்தக் கணக்கிலும் சேராது. குஞ்சோடு திரியும் விராலை விட்டுவைக்கவேண்டும் என்பதை ஊர்க் கட்டுப்பாடாகவே செய்துகொள்ளலாம். கட்லா, ரோகு குஞ்சு விடும் ஏரிகளில் விரால் அவற்றையும் தின்னும் என்பது மெய்யே. அதற்குப் பரிகாரம், விரலளவைவிடப் பெரிதாக வளர்ந்த குஞ்சுகளை வாங்கி விடுவதாகும்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் ஓடும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும் இனங்கள், ஏரியில் பெருகா. இவற்றை ஊசிமருந்தால் முட்டையிடச் செய்யும் முறையை 1957ஆம் ஆண்டில் ஹீராலால் சௌதுரி வெற்றிகரமாய்ச் செய்து காட்டிய பின்பே, குஞ்சுகள் வேண்டுமளவு கிடைக்கலாயின. இவற்றுள் கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேயும். ஆகவே ஒரே ஆழத்தில் வலை கட்டிவிட்டு, மீன் இல்லை என்று முடிவு செய்வது சரியன்று. நல்ல ஏரியில் இவை ஓராண்டில் ஏறத்தாழ 1 கிலோ வளரும். மாசியில் அரைக் கிலோவாயுள்ள மீனை, நீர் போதுமானதாயிருக்கும் வரை விட்டுவைத்தால் லாபம் குத்தகைதாரருக்கே. இக்காரணத்தால் ஏரியில் நீர் தங்குவது அவருக்கும் நன்மையாக முடிகிறது.

தேளி, குரவை, பனையேறிக் கெண்டை முதலியன காற்றையும் நேரே உட்கொள்ளவல்லவை. மற்ற மீன் சாகும் கலங்கலிலும் இவை பிழைக்கும். ஈரச் சேற்றில் புதைந்தும் கிடக்கும். எனவே இவற்றைக் கடைசியாகப் பிடித்தால் போதும். பனையேறிக் கெண்டையின் பெயரைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனி உத்தியோகத்திலிருந்த டால்டார்ஃப் என்பவர், பனைமரத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்த மீனைத் தாமே பிடித்ததாக எழுதிய குறிப்பு 1797ஆம் ஆண்டில் லண்டனில் அச்சாயிற்று. மரத்தில் காணப்படும் மீன் பறவைகள் கொண்டு போட்டதாகவே இருக்கவேண்டும் என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கருதினர். மழை பெய்த இரவில் அது தரையில் நகர்ந்து ஏரிவிட்டு ஏரி போவது மாத்திரம் உறுதி. தேளியின் பக்கமுள் குத்தினால் கடுப்பு மிக அதிகம். தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்திருந்தால் வலி தணியும். முள் உள்ளே ஒடிந்திருந்தாலும் வீக்கம் ஏறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கருவிகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. இடுப்பளவுக்கு உட்பட்ட நீரில் மூங்கிலால் பின்னிய ஊத்தா மிகச் சிறந்தது. அதற்கு நீரை வடிக்க வேண்டியதில்லை. குஞ்சு சிம்பினிடையே தப்பிவிடும். பெரிது மட்டும் அகப்படும். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கங்களில் கோடையில் ஊரார் அனைவரும் ஒரே நாளில் கண்மாயிலிறங்கி ஊத்தாவும் கச்சாவுமாய் மீன் பிடிக்கும் வழக்கம் இன்றும் நடைபெறுகிறது. பாசனம் முடிந்து நீர் வற்றும் தருவாயில் அது நடப்பதால், பயிருக்கும் அதற்கும் சண்டையில்லை. ஆழத்தில் செவுள் வலை கட்டுவதாயின் இரு விரல் தாராளமாய் நுழையும் கண்ணுக்குக் குறையக்கூடாது. மாலையில் கட்டி விடியுமுன் எடுத்துவிடவேண்டும். வெயில் வரும் வரை விட்டால் வலையிலேயே மீன் கெடும். வீச்சு வலைக்கு மதகடியும் வாய்க்கால் முகப்பும் ஏற்றவை. நெல்லுக்காக மதகு திறக்கும் நாளில், வெளிவாயில் ஒரு பறியை வைத்தால் நீரோடு வரும் மீன் அதில் தங்கும். பாசனத்திற்கென்று விடும் நீரிலேயே மீனும் கிடைப்பது இவ்வொரு முறையில்தான்.

செய்யத்தகாதவற்றையும் குறிப்பிடவேண்டும். நஞ்சுக் காயும் பூச்சி மருந்தும் கரைத்து மீன் பிடிப்பதையும், வெடி போடுவதையும் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கி, 2 மாதம் வரை சிறையோ 200 ரூபாய் வரை அபராதமோ விதித்தது. கல்வராயன் மலையோடைகளில் கோடையில் எஞ்சும் மடுக்களே அடுத்த மழைக்கு மீன் பெருகும் விதை. அம்மடுவில் நஞ்சிட்டால் அங்குள்ள மீனோடு, கீழேயுள்ள ஏரிகளுக்கு வெள்ளத்தில் இறங்கவேண்டிய குஞ்சும் அழிகிறது. அந்நீரைக் குடிக்கும் ஆடுமாடுகளின் கதி சொல்லவேண்டியதில்லை. மின்கம்பியிலிருந்து கொக்கி போட்டு நீரில் மின்சாரம் பாய்ச்சுவோரும் உளர். மீனோடு மனிதரும் மாண்டபின் வருந்திப் பயனில்லை. 46 அடி கோமுகி அணையிலும் 36 அடி மணிமுக்தா அணையிலும் மீன்பிடிப்புத் தனி ஏற்பாட்டுக்கு உட்பட்டது. ஏரி வழக்கத்தை அங்கே கொண்டுபோகலாகாது.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் ஏலத்தின்போதே மூன்று காரியங்களைச் செய்துவிட்டால் பங்குனிச் சச்சரவு பெரும்பாலும் எழாது. மதகுச் சுவரில் அடி, அங்குலம் தெரியும்படி வர்ணத்தில் அளவு எழுதி, எந்த அளவுக்குக் கீழே மீனுக்காக நீர் விடக்கூடாதென்று ஏல நிபந்தனையில் சேர்க்கவேண்டும். மதகுத் திறவுகோல் குத்தகைதாரரிடமோ அவர் ஆட்களிடமோ இருக்கக்கூடாது, நீர்பாய்ச்சியிடம் இருக்கவேண்டும். எஞ்சின் வைத்து இறைப்பதைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுதவேண்டும். மதகை மட்டும் குறிப்பிட்ட நிபந்தனையைக் காட்டி, எஞ்சின் மதகாகாது என்று வாதிப்பவர்கள் உண்டு. அளவு எழுதிய பின் மாசி முதல் வாரத்திற்கொரு முறை நீர்மட்டத்தைக் குறித்து வந்தால், ஆவியாய்ப் போனது எவ்வளவு, மதகு வழியாய்ப் போனது எவ்வளவு என்பது விளங்கும். வாரத்தில் இரண்டு அங்குலத்திற்குமேல் அதிகமாய்க் குறைந்திருந்து, பாசனத்திற்கும் மதகு திறக்கப்படவில்லையாயின், கரையில் கசிவு இருக்கிறதா, இரவில் யாரேனும் திறந்தார்களா என்று உடனே பார்க்கவேண்டும்.

பிடித்த மீனைப் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. சித்திரை வெயிலில் செத்த மீன் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். குடலையும் செவுளையும் கரையிலேயே நீக்கி, நனைந்த கோணியில் சுற்றி நிழலில் கொண்டுபோகவேண்டும்; பனிக்கட்டி கிடைத்தால் மிக நல்லது. விற்று மிஞ்சிய ஜிலேபிப் பொடியை முதுகுப்புறம் கீறி, 4 பங்கு மீனுக்கு 1 பங்கு உப்புச் சேர்த்து ஓர் இரவு வைத்து, மறுநாள் தரையில் பரப்பாமல் கயிற்றிலோ மூங்கில் தட்டியிலோ காயவைத்தால் மண் ஒட்டாத கருவாடாகும். நீக்கிய குடலை ஏரியில் எறியாமல் எருக்குழியில் புதைக்கவேண்டும். நெருங்கிய நீரில் அது அழுகினால், அடுத்த விடியற்காலையில் மீன்கள் மறுபடியும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து நிற்கும்.